அண்ணன் நின்று படித்த இடங்கள்

எங்கள் அண்ணி ஆங்கிலம் பேசினால் அதில் என் அண்ணன் இருப்பான். குரல் அண்ணியுடையதுதான். ஆனால் எந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்பது, எங்கே உதட்டை மூடி மூக்கால் ஒரு மூச்சு இழுப்பது என்பதெல்லாம் அப்படியே அவனுடையவை. அவன் போன பிறகு, அண்ணி வங்கியிலோ மருந்துக்கடையிலோ இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசினால் போதும், நான் அவனைத் தேடித் திரும்பிப் பார்ப்பேன்.

நான் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊசியைவிட உன் வாய்தான் அதிகம் வலிக்கிறது என்று அங்கே வருகிறவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆகவே அண்ணியின் கதையைச் சொல்லும்போது நான் யாரையும் தடவிக்கொடுக்கப் போவதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அண்ணி ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் என்றாலே காத தூரம் ஓடுவார். அண்ணனோ வீட்டு முன்னறையில், வேலை தேடுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். மாலை வகுப்பு முடிந்ததும் புத்தகத்தோடு சமையலறைக்கு வந்து மேசையில் உட்காருவான். அண்ணி எதிரில் உட்கார்ந்து காய் நறுக்குவார். அவன் ஒரு வாக்கியம் படிப்பான், அவர் அதைத் திருப்பிச் சொல்வார். அவன் நடுவில் நின்றால் அண்ணியின் கத்தியும் நிற்கும். "இதுக்குப் பேரு பாடமா, காதலா?" என்று நான் கேட்டால் அண்ணி வெங்காயத் தோலை என்மேல் எறிவார்.

அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். ம, ப இரண்டும் அவனுக்கு எமன். பேச்சில் அவன் கெட்டிக்காரன், அந்த எழுத்துகளில் தொடங்கும் சொல் வந்தால் வழியை மாற்றிக்கொண்டு வேறு சொல்லில் போய்விடுவான். பணம் என்று சொல்ல மாட்டான், காசு என்பான். பஸ் அவனுக்கு வண்டி. வீட்டில் பால் தீர்ந்துபோனால், "டீக்கு ஊத்துறது இல்ல" என்பான். பெற்ற மகளை ஊரே பாப்பா என்று கூப்பிட்டது, அவன் மட்டும் குட்டி என்றான். இத்தனை சாமர்த்தியமும் பேச்சில்தான் செல்லும். புத்தகத்தைத் திறந்து சத்தமாகப் படிக்கும்போது அச்சில் இருக்கிற சொல்லை எங்கே ஒளிப்பது? அங்கே நிற்பான். உதடு ஒட்டிக்கொள்ளும். மூக்கால் ஒரு மூச்சு இழுப்பான். பிறகு சொல் வெளியே வரும். எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. அவன் நின்றால் நாங்களும் நிற்போம், அவன் சொல்லை யாரும் எடுத்துக்கொடுக்க மாட்டோம். அது எங்கள் வீட்டு வழக்கம்.

கல்யாணமான புதிதில் அண்ணி ஒருநாள் கேட்டுவிட்டார். "ஏங்க, படிக்கும்போது நடுவுல நடுவுல நிக்கிறீங்களே, எதுக்கு?"

நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கை நின்றுவிட்டது. அண்ணன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"இங்கிலீஷ்ல அப்படித்தான். கனமான வார்த்தை வந்தா கொஞ்சம் நிக்கணும். அப்பதான் கேக்கறவன் காது கொடுத்துக் கேப்பான்."

கூசாமல் சொன்ன பொய். அண்ணி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவன் நின்ற இடத்தில் எல்லாம் தானும் நின்றார். தமிழில் சரளமாக வாயாடுகிற பெண், ஆங்கிலத்தில் மட்டும் ஒரு மூச்சு இழுத்து நிற்பார். வருஷக்கணக்கில் அப்படிப் பழகியதால் அது அவருடைய நாக்கிலேயே ஊறிவிட்டது. அண்ணன் அதைக் கேட்டு முகம் கறுத்ததை நான் பார்த்திருக்கிறேன். திருத்த வேண்டுமானால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவனுக்கு வாய் வரவில்லை.

அவன் இறந்ததும் ஒரு வாக்கியத்தின் நடுவில்தான். முற்பகல் வகுப்பு. கரும்பலகைக்கு முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தவன் ஒரு சொல்லுக்கு முன்னால் நின்றான். படிக்க வந்தவர்கள் வழக்கம்போலக் காத்திருந்தார்கள். சமையலறையில் அண்ணி கத்தியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நாற்காலி விழுகிற சத்தம் கேட்டு ஓடியபோது அவன் தரையில் கிடந்தான். மாரடைப்பு என்றார்கள். அண்ணி அழவில்லை. வந்தவர்கள் எல்லாம் "அழுதுடும்மா, அழுதுடு" என்று உலுக்கினார்கள். அவர் முன்னறையைப் பார்த்தபடி தலையைச் சற்றுச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். மீதி வாக்கியம் வரும் என்று காத்திருக்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அதன்பிறகு முன்னறை வகுப்புகளை அண்ணியே கொஞ்ச நாள் இழுத்துப் பிடித்தார். வருமானம் போதவில்லை. அண்ணனிடம் படித்த ஒரு பெண் வெளிநாட்டில் இருந்தாள். அங்கே பள்ளிக்கூடங்களில் ஆங்கில ஆசிரியருக்கு உதவியாளர் வேலை இருக்கிறது என்று அவள்தான் வழி காட்டினாள். கம்ப்யூட்டர் முன்னால் நேர்காணல் நடந்தது. அண்ணி ஒரு பக்கம் படித்துக் காட்டினார். திரையில் இருந்த மூன்று பேரும் தலையாட்டினார்கள். பிள்ளைகள் பின்தொடர வசதியாக நிறுத்தி நிதானமாகப் படிக்கிறீர்கள் என்று அவர்களில் ஒருத்தி பாராட்டினாள். அண்ணனின் திக்குவாய்க்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"ஒரே ஒரு வருஷம். அதுக்கப்புறம் பாப்பாவ அங்க கூட்டிக்கிறேன், இல்ல நானே வந்துடறேன். அதுவரைக்கும் நீ பாத்துக்க" என்றார் அண்ணி. பாப்பாவுக்கு அப்போது பல் விழுந்து முளைக்கிற வயது. தலையாட்டினாள். குழந்தைகள் தலையாட்டுவதைச் சம்மதம் என்று நாம் வைத்துக்கொள்கிறோம்.

அங்கே அண்ணிக்குப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கக் கட்டடத்தில் மாடியில் ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஓர் இரும்பு அலமாரி, கதவு சரியாக மூடாத ஜன்னல், அதன் வழியாகப் பார்த்தால் சைக்கிள் நிறுத்துமிடம். முன்பு அந்த அறையில் இருந்தவள் எல்லாப் பொருள்மீதும் அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். நாற்காலியில் நாற்காலி, சுவரில் சுவர். "என் மேலயும் ஒண்ணு ஒட்டாம போனாளே" என்று அண்ணி போனில் சிரித்தார். பொதுச் சமையலறை அலமாரியில் அவருக்கு ஒரு தட்டு ஒதுக்கியிருந்தார்கள். குளிருக்கு என் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற வரை அதன் பக்கத்திலேயே நிற்பாராம்.

வேலை இதுதான். வகுப்பை நடத்துவது அந்த ஊர்க்காரரான பெரிய டீச்சர். அண்ணி படங்களை வெட்டி அட்டையில் ஒட்ட வேண்டும், நோட்டுகளைச் சேர்க்க வேண்டும், சண்டை போடுகிற பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைக்க வேண்டும். பாடத்தின் கடைசிப் பகுதி மட்டும் அண்ணியுடையது. பெரிய டீச்சர் பின்னால் போய் நின்றுகொள்வார். அண்ணி ஒரு வாக்கியத்தைப் படிப்பார், வகுப்பு முழுவதும் அதைத் திருப்பிச் சொல்லும். "நான் ஒரு டேப் ரெக்கார்டர். சோறு மட்டும் திங்கும்" என்பார்.

சில மாதங்கள் அப்படியே போயின. பிறகு ஒருநாள் அண்ணி போன் செய்தபோது குரலே சரியில்லை.

"கிளாஸ்ல அவரு இருந்தாருடி."

"யாரு?"

"உங்கண்ணன்தான்."

நடந்தது இது. குடும்பம் பற்றிய பாடம். அண்ணி வாக்கியத்தைப் படித்துவிட்டுப் பலகையைத் துடைக்கத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் வகுப்பு முழுவதும் திருப்பிச் சொன்னது. 'மதர்' என்ற சொல்லுக்கு முன்னால் அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் நின்றார்கள். அறை நிசப்தமானது. அத்தனை மூக்குகளும் ஒரே மூச்சை இழுத்தன. பிறகு அத்தனை வாயிலிருந்தும் அந்தச் சொல் வந்தது. அண்ணி துடைப்பானைக் கீழே போட்டுவிட்டார். திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லையாம். திரும்பினால் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் அவன் புத்தகத்தோடு நின்றுகொண்டிருப்பான் என்று நிச்சயமாகத் தோன்றியதாம்.

"அதெல்லாம் மனப்பிரமை அண்ணி. ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றேன். அது பிரமை இல்லை என்று எனக்குத் தெரியும். அது என்ன என்றும் தெரியும். ஆனால் செத்தவனின் குறையை அவன் பெண்டாட்டியிடம் சொல்லி, பல வருஷத்து நம்பிக்கையில் மண்ணைப் போட எனக்கு மனம் வரவில்லை.

அன்றிலிருந்து அண்ணி மாறிப்போனார். அதுவரை சனி, ஞாயிறு எப்போது வரும் என்று கிடந்தவர், இப்போது விடுமுறை நாட்களைச் சபித்தார். ம, ப வருகிற வாக்கியங்களாகத் தேடித் தேடிப் படிக்க வைத்தார். நல்ல புடவையாக எடுத்துக் கட்டினார். ஒரு வருஷம் முடிந்தது. கேட்காமல் கொள்ளாமல் ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பாப்பா காலண்டர்ல நாளைக் கிழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவளுக்கு என்ன பதில் சொல்றது? நீங்க பெத்தவங்கதானா?"

"கோவப்படாத. நாளைக்குக் கிளாஸ் நேரத்துல போன் போடறேன். அதைக் கேட்டுட்டு அப்புறம் திட்டு."

மறுநாள் அண்ணி சொன்ன நேரத்துக்கு, வேலையிடத்தில் ரத்த மாதிரிகள் வைக்கிற குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காதில் ஹெட்போன். அங்கே அண்ணி மேசைமீது போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். நாற்காலி இழுக்கும் சத்தம், இருமல், அண்ணி படித்த ஒரு வாக்கியம். பிறகு பிள்ளைகள். அவர்கள் நின்றார்கள். அந்த மூச்சு கேட்டது.

நான் ரத்த மாதிரிக் குப்பிகள் அடுக்கிய தட்டைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ நாள் பக்கத்து அறையிலிருந்து கேட்ட மூச்சு அது. யாரோ முகம் தெரியாத குழந்தைகளின் நெஞ்சுக்குள் புகுந்துகொண்டு என் அண்ணன் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் இன்னும் ஒரு வாக்கியம், இன்னும் ஒரே ஒன்று என்று வகுப்பு முடிகிற வரை கேட்டேன்.

அண்ணியைத் திட்டப் போனவள் அண்ணியைவிட மோசமானேன். தினமும் அந்த நேரம் ஆனால் குளிர் அறைக்குப் போய்விடுவேன். வெளியே கையை நீட்டிக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். "எப்ப வர்றீங்க?" என்று அண்ணியிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவர் வந்துவிட்டால் அவன் அங்கேயே தனியாக நின்றுவிடுவானே என்று எனக்கு ஒரு பைத்தியக்கார எண்ணம். பாப்பா போனுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். "அம்மா பேசுறாங்க, வா" என்றால் "வீட்டுப்பாடம் இருக்கு" என்பாள். அம்மா என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றுமே இருக்காது. அது எங்கள் இருவர் கண்ணிலும் பட்டது. நாங்கள் கண்டும் காணாமல் இருந்தோம்.

பிறகு அங்கே ஒரு பேச்சுப் போட்டி வந்தது. அண்ணியின் வகுப்பிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பினார்கள். முன்வரிசைக்காரி என்று அண்ணி சொல்வார், வகுப்பிலேயே அச்சு அசலாக அண்ணனைப் போல நிற்பது அவள்தான். அண்ணிக்கு அவள் என்றால் உயிர். மேடையில் ஏறியவள் முதல் வாக்கியத்தில் நின்றாள். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து நிற்பார்கள், எல்லோரும் சேர்ந்து நகர்வார்கள். இங்கே அவள் தனியாக நின்றாள். சபை பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு நகரத் தெரியவில்லை. உதடு ஒட்டிக்கொண்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். அவள் அழுதுகொண்டே இறங்கினாள். நடுவர் வந்து, இந்தப் பிள்ளைக்குப் பேச்சில் குறை இருக்கிறதா என்று பெரிய டீச்சரைக் கேட்டாராம்.

அண்ணி இதை எல்லாம் சாயங்காலம் போனில் சொல்லிப் புலம்பினார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "அவ சரியாதான் நின்னா. கனமான வார்த்தைக்கு முன்னாடி நிக்கணும்னு உங்கண்ணன் சொல்லித்தந்த மாதிரியேதான் நின்னா. அவங்களுக்கு என்ன தெரியும்? குறையாம், குறை!"

தரையில் உட்கார்ந்து ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த பாப்பா நிமிர்ந்தாள்.

"அம்மா, அது கனமான வார்த்தைக்காக இல்ல."

"என்னது?"

"அப்பாவுக்கு வார்த்தை வராது. அதனாலதான் நிப்பாரு. என்கிட்ட சொல்லியிருக்காரு. ஏன்பா நீ மட்டும் என்னைக் குட்டின்னு கூப்பிடறன்னு கேட்டேன். அது வாயில வராது குட்டி, ரொம்ப வலிக்கும்னு சொன்னாரு. யார்கிட்டயும் சொல்லாதன்னாரு." அவள் பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "எங்க ஸ்கூல்ல கதை படிக்க வந்தப்ப அப்பாவப் பாத்தும் சிரிச்சாங்க. வெளிய வந்து பைப்ல முகம் கழுவிட்டே இருந்தாரு. இப்ப ஏம்மா அந்தப் பிள்ளைங்களுக்கும் அதை வரவச்ச?"

நான் போனை எடுத்து ஸ்பீக்கரை அணைத்தேன்.

"நிஜமா?" என்றார் அண்ணி.

"ஆமா அண்ணி."

"உனக்குத் தெரியுமா?"

"பிறந்ததிலேர்ந்து தெரியும்."

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "என்கிட்ட மறைக்கணும்னு எவ்வளவு தவிச்சிருப்பாரு" என்றார். அப்புறம், "அந்த வலியவா நான் தினமும் உக்காந்து ரசிச்சுக்கிட்டிருந்தேன்?" என்றார். நானும்தானே குளிர் அறையில் உட்கார்ந்து ரசித்தேன்.

மறுநாள் அண்ணி பெரிய டீச்சரிடம் போய், தான் தவறாகச் சொல்லிக்கொடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டார். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தார். அந்த அம்மாளோ, நீங்கள் போட்ட முடிச்சை நீங்களே அவிழ்த்துவிட்டுப் போங்கள் என்றாராம்.

முதலில் அண்ணியே நிற்காமல் படிக்கப் பழக வேண்டியிருந்தது. அறைக்குள் நடந்துகொண்டே படிப்பார். கால் நிற்காவிட்டால் மூச்சும் நிற்காது என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தார். பிறகு பிள்ளைகளையும் பெஞ்சிலிருந்து எழுப்பி வரிசையாக நடக்கவிட்டார். நீளமான தாழ்வாரத்தில் அவர் முன்னால் நடந்துகொண்டே வாக்கியத்தைச் சொல்வார், பிள்ளைகள் பின்னால் நடந்துகொண்டே சொல்வார்கள். மற்ற வகுப்புகளிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். இது என்ன கூத்து என்று காவலாளிகூடக் கேட்டானாம். முன்வரிசைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணி நடந்தார். அந்தச் சொல் வரும்போதெல்லாம் அவள் கால் பின்னும். அண்ணி இழுத்துக்கொண்டு போவார்.

தினமும் சாயங்காலம் எனக்குச் சொல்வார். ஆஸ்பத்திரியிலிருந்து நிலவரம் சொல்வதுபோலத்தான் அது இருந்தது.

"இன்னைக்குப் பாதிப் பேரு நிக்கல."

"சரி அண்ணி."

"இன்னைக்கு ரொம்ப மெல்லிசா கேட்டுச்சு. ஓரமா ரெண்டு மூணு பேருதான்."

"ம்."

இன்றோடு நிறுத்திவிடுங்கள், மிச்சம் இருப்பது இருக்கட்டும் என்று கெஞ்ச எனக்கு நாக்கு துடிக்கும். உதட்டைக் கடித்துக்கொள்வேன். அண்ணிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். சில நாட்கள் கணக்கை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவார்.

ஒரு நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வழக்கமான நேரம் இல்லை. பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்திலிருந்தே பேசினார். பின்னால் பிள்ளைகள் ஓடுகிற சத்தம்.

"எல்லாரும் நிக்காம படிச்சுட்டாங்க" என்றார் அண்ணி. "அவளும் படிச்சுட்டா. தனியா, தடங்கலே இல்லாம."

"நல்லது அண்ணி."

"போயிட்டாருடி."

சொல்லிவிட்டு அண்ணி அழ ஆரம்பித்தார். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போனபோது அழாத அழுகை. அந்தப் பக்கம் பிள்ளைகளின் கூச்சல் ஒவ்வொன்றாக அடங்குவது கேட்டது. டீச்சர் அழுவதைப் பார்த்து நின்றுவிட்டார்கள் போலிருக்கிறது. நான் மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டுக் கதறினேன். பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய் ஓடி வந்தார். "என்னாச்சு? யாரு தவறிட்டாங்க?" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். "எங்க அண்ணன்" என்றேன். அந்த அக்கா என்னையும் பாப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பாப்பாதான் என் கையிலிருந்து போனை வாங்கினாள். பல வாரங்களுக்குப் பிறகு அவளாக வாங்கியது. அம்மா அழுது முடிக்கிற வரை காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, எப்ப வர்ற?"

எப்போதும் ஏதாவது ஒரு காரணம் சொல்கிறவர் அன்று சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கும்படி சொன்னார்.

"லீவு விட்டதும் வர்றேன் பாப்பா. இனிமே இங்க எனக்கு யாரும் இல்ல."